சிறைகளைப் பார்க்க வந்தவர்கள்

திங்கள், நியூயார்க்

இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் போன வழியில் போய்ப் பார்ப்பதென்று கிளம்பியிருக்கிறேன். அலெக்சி த தொக்வில், குஸ்தாவ் த பொமோன். 1831-இல் முதலாமவருக்கு 25 வயது, அடுத்தவருக்கு 29. இருவரும் வெர்சாய் நீதிமன்றத்தில் இளநிலை அதிகாரிகள். முந்தைய ஆண்டு ஜூலைப் புரட்சியில் பழைய அரசர் துரத்தப்பட்டு லூயி பிலிப் அரியணை ஏறியதும், புதிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியதாயிற்று. தொக்விலின் குடும்பமோ பழைய பிரபு வம்சம். கொள்ளுத்தாத்தா மால்செர்ப் 1794-இல் கில்லட்டினுக்குத் தலை கொடுத்தவர். பெற்றோர் சிறைவரை போய் மயிரிழையில் பிழைத்தவர்கள். பிரமாணம் எடுத்தால் உறவினர்கள் முகம் சுளிப்பார்கள், எடுக்காவிட்டால் வேலை போகும். எடுத்துவிட்டார். எடுத்த பிறகு ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை.

அமெரிக்கச் சிறைகளைப் பற்றி ஐரோப்பாவில் பெரிதாகப் பேச்சு அடிபட்ட நேரம் அது. போய்ப் பார்த்து அறிக்கை தருகிறோம், செலவு எங்களுடையது என்று இருவரும் விண்ணப்பம் போட்டார்கள். சொந்தக் காசில் போகிறவனை எந்த அரசாங்கம் தடுக்கும்? விடுப்பு கிடைத்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி லெ ஆவ்ர் துறைமுகத்தில் கப்பலேறி, உணவுப் பண்டங்கள் தீர்ந்துபோன நிலையில் மே 9-ஆம் தேதி ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இறங்கி, அங்கிருந்து நீராவிப் படகில் மே 11-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் திரும்பினார்கள். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த 'அமெரிக்காவில் ஜனநாயகம்' என்ற நூலை இன்றும் அரசியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

சிறை ஒரு சாக்கு, ஜனநாயகமே உண்மையான நோக்கம் என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். தொக்விலும் பிற்பாடு அப்படித்தான் சொன்னார். எனக்கு அந்தச் சாக்கின் மேல்தான் கண். அவர் கால்வைத்த சிறைகளையும், சிறைக்கு வெளியே யாரும் பேசாத இரண்டு மூன்று இடங்களையும் பார்க்கப் போகிறேன்.

இன்று கிழக்கு ஆற்றில் படகுச் சவாரி மட்டும். இந்த ஆற்றின் வழியாக வந்தபோது கரையோரம் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பளிங்கு மாளிகைகளைக் கண்டு தொக்வில் அசந்துபோனார். மறுநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுவர் செங்கல், மேலே சுண்ணாம்பு. தூண்கள் மரம், மேலே வண்ணம். இதை வைத்து, எல்லோரும் சமம் என்கிற சமூகத்தில் கலை எப்படிப் பகட்டை நோக்கிப் போகிறது என்று பிற்பாடு ஓர் அத்தியாயமே எழுதினார். ஒரு சுவரிலிருந்து ஒரு கோட்பாடு. படிக்கும்போது பாதி மயக்கமும் பாதி எரிச்சலும் வரும். இப்போது அந்தக் கரையில் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. எதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று படகிலிருந்து தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். இறைச்சிக்கு முன்பே காய்கறியும் மீனும் வருகின்றன, சிப்பியைக் கடைசியில் பரிமாறுகிறார்கள், சுத்தக் காட்டுமிராண்டித்தனம் என்று. நான் சாப்பிட்டது இரண்டு துண்டு பீட்சா. வரிசைக் குழப்பம் ஏதும் இல்லை.

செவ்வாய், ஆசினிங்

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டியே ரயில் போகிறது. இடப்பக்கம் உட்கார வேண்டும், முழு ஆறும் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஆசினிங். ஊர்ப் பெயரே முன்பு சிங் சிங்தான். சிறையால் வந்த கெட்ட பெயர் பிடிக்காமல் ஊர்க்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ரயில் பாதை சிறை வளாகத்தின் குறுக்கே போகிறது. இரண்டு பக்கமும் சுவர், கம்பிவேலி, காவல் கோபுரம். வேலைக்குப் போகிறவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. இன்றும் கைதிகள் இருக்கிற சிறை இது.

1825-இல் எலம் லிண்ட்ஸ் என்ற சிறை அதிகாரி ஆபர்ன் சிறையிலிருந்து நூறு கைதிகளைக் கூட்டிவந்து, இந்த வெறும் ஆற்றங்கரையில் நிறுத்தி, தங்களுக்கான சிறையைத் தாங்களே கட்டும்படி சொன்னார். சுவர் கிடையாது, சங்கிலி கிடையாது. அங்கேயே பளிங்குப் பாறையை வெட்டி, அங்கேயே அடுக்கிக் கட்டினார்கள். ஓர் அறைக்கு 7 அடி நீளம், 3 அடி 3 அங்குல அகலம், ஆறரை அடிக்குச் சற்று மேல் உயரம். நான் நடுத்தர உயரம்தான். இந்த அறைக்குள் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டினால் முழங்கை விரிவதற்கு முன்பே விரல் சுவரில் இடித்துவிடும். அந்தப் பழைய கட்டடம் கூரை போய், வெறும் கற்சுவராக இன்னும் உள்ளே நிற்கிறது. வெளியாட்கள் நெருங்க முடியாது. ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் சுவரைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தொக்விலும் பொமோனும் மே மாதக் கடைசியில் வந்தார்கள். ஏறத்தாழ 900 கைதிகள் திறந்தவெளியில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் முப்பது பேர். கையில் சம்மட்டி வைத்திருக்கிற 900 பேர் ஏன் இந்த முப்பது பேரை அடித்துப் போட்டுவிட்டு ஓடவில்லை? இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த விடை: கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பேச்சு மட்டுமல்ல, சைகையும் பார்வையும்கூடக் கூடாது. மீறினால் அங்கேயே சவுக்கடி. காவலர்களோ பேசிக்கொள்ளலாம், கூடித் திட்டமிடலாம். கூடிப் பேச முடிந்த முப்பது பேர், பேச முடியாத 900 பேரைவிட பலசாலிகள்.

இதை வாசித்த இடத்தில்தான் இந்தப் பயணம் எனக்குள் தொடங்கியது. அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் கூட்டுகிறார்கள், அதுதான் அவர்களுடைய ஜனநாயகத்தின் உயிர்நாடி என்று தொக்வில் பிற்பாடு எழுதியது பிரசித்தம். எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தக் கருத்தை அவர் முதலில் தலைகீழாக இங்கேதான் பார்த்திருக்கிறார் என்பது என் ஊகம். நாட்டுக்குள் எல்லையில்லாத சுதந்திரம், சிறைக்குள் முழுமையான கொடுங்கோன்மை என்று இருவரும் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். இரண்டும் ஒரே பாறையில் வெட்டியவை என்று அவர்கள் எழுதவில்லை. அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

புதன், ஆல்பனி

மழை. தலைமைச் செயலகக் கட்டடத்தைச் சுற்றிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

1831 ஜூலை 4-ஆம் தேதி இருவரும் இங்கே இருந்தார்கள். சுதந்திர தின ஊர்வலத்தில் அவர்களுக்கு மரியாதையான இடம் கொடுத்தார்கள். தொழிற்சங்கத்தார் தத்தம் கொடியோடும், தீயணைப்புப் படையினரும் நடந்தார்கள். தேவாலயத்தில் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டபோது இந்தப் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கே சிலிர்த்திருக்கிறது. பிறகு பேச வந்த வழக்கறிஞர் அறுத்தாராம். எந்த ஊர் சுதந்திர தினத்தில்தான் பேச்சாளர் அறுக்கவில்லை? இங்கே அவர்கள் மாநில அரசாங்கத்தைத் தேடு தேடென்று தேடினார்கள், கண்ணில் படவே இல்லை. எல்லாவற்றுக்கும் பாரிஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரிய அதிசயம்.

வெள்ளி, ஆபர்ன்

சிரக்யூஸ் வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார். சிரக்யூஸில் தொக்வில் அந்த எலம் லிண்ட்ஸைச் சந்தித்தார். சிறை வேலையை விட்டுவிட்டு அவர் அப்போது இரும்புச் சாமான் கடை நடத்திக்கொண்டிருந்தார். கடைக்குள்ளே உட்காரவைத்தே பேட்டி. சவுக்கைவிடப் பயனுள்ள தண்டனை இல்லை, அதைவிட மனிதத்தன்மையான தண்டனையும் இல்லை என்றாராம். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. தன்னைக் கொல்லப்போவதாக மிரட்டிய கைதியைக் கூப்பிட்டு, கையில் சவரக்கத்தியைக் கொடுத்து, தனக்குச் சவரம் செய்யச் சொன்னார். முடிந்ததும், நீ என்னைக் கொல்ல நினைத்தது எனக்குத் தெரியும், ஆயுதம் இல்லாமல் தனியாக இருந்தாலும் உன்னைவிட நான் பலசாலி என்றார். அறிக்கையில் இதை எழுதியவர்களின் குரலில் ஒரு மெல்லிய வியப்பு கேட்கிறது. எனக்குக் கேட்பது சவரக்கத்தியைப் பிடித்த கையின் நடுக்கம். அந்தக் கைதியை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

ஆபர்ன் சிறை ஊருக்கு நடுவில் இருக்கிறது. எதிரே வீடுகள், கடைகள். உயர்ந்த சாம்பல் நிறச் சுவர். நிர்வாகக் கட்டடத்தின் உச்சியில் புரட்சிப்போர்ச் சிப்பாயின் செம்புச் சிலை. 'காப்பர் ஜான்' என்று ஊர்க்காரர்கள் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். உலகிலேயே முதன்முதலாக மின்நாற்காலியில் ஒருவரைக் கொன்றதும் இங்கேதான், 1890 ஆகஸ்டில்.

மௌன முறை பிறந்த இடம் இது. அதற்கு முன்னால் ஒரு பரிசோதனை நடந்தது. 1821 கடைசியில் 80 கைதிகளைத் தனித்தனி அறையில் அடைத்தார்கள். வேலை கிடையாது, பேச்சு கிடையாது, யாரையும் பார்க்கவும் முடியாது. ஓராண்டுக்குள் ஐந்து பேர் செத்தார்கள். ஒருவருக்குப் புத்தி பேதலித்தது. இன்னொருவர் கதவு திறந்த நேரம் பார்த்து மாடத்திலிருந்து குதித்தார். ஆளுநர் 26 பேரை மன்னித்து விடுவித்தார். அவர்களில் 14 பேர் மறுபடியும் குற்றம் செய்து திரும்பி வந்தார்கள். அதன்பிறகுதான் நடுவழி: இரவில் தனியறை, பகலில் பட்டறையில் கூட்டு வேலை, ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. கோடு போட்ட உடுப்பு, முன்னவன் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒரே அடியெடுத்து நடக்கிற வரிசை, இவையெல்லாம் இங்கேயே முளைத்தவை. பட்டறையின் லாபம் சிறைச் செலவுக்குப் போனது. பிரெஞ்சு அரசாங்கத்துக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

சாப்பிடப் போன உணவகத்தில் பரிமாறிய அம்மா, "உள்ளே வேலையா, யாரையாவது பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். மூன்றாவது காரணத்துக்காக ஒருவன் இந்த ஊருக்கு வரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. "என் அப்பா உள்ளே வேலை பார்த்தார், அண்ணனும் பார்த்தான்" என்றார். அப்பா வீட்டில் சிறையைப் பற்றிப் பேசுவாரா என்று கேட்டதற்கு, "அவர் எதைப் பற்றியுமே பேச மாட்டார்" என்று சொல்லிவிட்டு முட்டை எடுத்துவரப் போனார்.

மாலையில் ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டம். அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, எத்தனையோ பேரைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் இங்கே அடக்கமாகியிருக்கிறார். 1859-இல் இந்த ஊரில்தான் வீடு வாங்கினார். கல்லறைக் கல்லின் மேல் யாரோ காசுகளை அடுக்கியிருந்தார்கள்.

ஞாயிறு, சாகினா

நேற்று முழுக்கக் கார். பஃபலோ வழியாக வந்தேன். அந்த ஊரில்தான் தொக்வில் முதன்முதலாக அமெரிக்கப் பூர்வகுடிகளான இந்தியர்களைக் கூட்டமாகப் பார்த்தார். கைமாறிய நிலத்துக்கான பணத்தை வாங்க வந்தவர்கள். மாலையில் ஊருக்கு வெளியே குடித்துவிட்டுச் சாலையோரம் விழுந்து கிடந்தான் ஓர் இளைஞன். செத்துப்போவான் போலிருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே ஊர்க்காரர்கள் கடந்து போனார்கள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற நல்லவர்கள்தான் எல்லோரும் என்பது அவர் குறிப்பின் கசப்பு.

டெட்ராய்ட் வந்ததும் அவருக்கு ஓர் ஆசை. வெள்ளையர் யாரும் குடியேறாத காட்டைப் பார்க்க வேண்டும். காட்டைச் சும்மா பார்க்க வேண்டும் என்றால் ஒருவருக்கும் புரியவில்லை. நிலம் விற்கிற அலுவலகத்துக்குப் போய், வாங்க வந்தவர் மாதிரி, எந்தப் பக்கம் நல்ல நிலம், எந்தப் பக்கம் ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள் என்று விசாரித்தார். அதிகாரி விவரமாகச் சொல்லிவிட்டு, வடமேற்கே பாண்டியாக்கைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கே காடும் இந்தியர்களும்தான் என்று எச்சரித்தார். மனமார நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, நேராக அந்தத் திசைக்கே குதிரையைத் திருப்பினார்கள். இந்தப் பயணத்தில் அவர் ஆடிய நாடகங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாண்டியாக் விடுதிக்காரரிடமும் அதே நாடகம். கடைசியில் சாகினா என்று சொன்னதும், படித்த மனிதர்களாகத் தெரிகிறீர்கள், அங்கே எதற்கு என்று மனிதர் திகைத்துவிட்டார். ஃபிளின்ட் ஆற்றங்கரையில் இரவில் ஒரு குடிசைக் கதவைத் தட்டினால், வாசலில் சங்கிலியில் கட்டியிருந்தது கரடி. நாய்க்குப் பதிலாகக் கரடியைக் காவலுக்கு வைக்கிற நாடு என்ன நாடு என்று எழுதிவைத்தார். 2014-இல் தண்ணீர்க் குழாயில் ஈயம் வந்து ஊரையே நஞ்சாக்கிய கதை தொடங்கியதும் அந்த ஃபிளின்ட் ஊரில்தான்.

குதிரையில் அவர்கள் நாள்கணக்கில் திணறிய தடத்தில் இப்போது எழுபத்தைந்தாம் எண் நெடுஞ்சாலை. டெட்ராய்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாகினாவில் அன்று முப்பது பேர் இருந்தார்கள். பிரெஞ்சுக் கனடியர்கள், அமெரிக்கர்கள், இந்தியர்கள், கலப்பினத்தார் என்று அந்த முப்பது பேருமே நான்கு பிரிவாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றுக்கு இக்கரை, அக்கரை என்று இருப்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. கொசு படுத்திய பாட்டையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

காட்டுக்குள் அவரைப் பிடித்து நிறுத்தியது சத்தமின்மை. பறவைகூடக் கத்தாத நண்பகல் அமைதியை அவர் வர்ணிக்கிற இடத்தில், எதையும் கோட்பாடாக்குகிற பழக்கம் சற்று நேரம் அவரை விட்டுவிடுகிறது. ஒரு நாள் தேதியை எண்ணிப் பார்க்கிறார்: ஜூலை 29. அவருடைய பிறந்தநாள், 26 வயது. ஓராண்டுக்கு முன்பு அதே நாளில் பாரிஸ் தெருக்களில் துப்பாக்கிச் சத்தம். இந்தக் காடு இன்னும் சில ஆண்டுகள்தான் என்றும் சொல்லிவிடுகிறார். சொன்னபடியே நடந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சாகினாப் பள்ளத்தாக்கின் வெள்ளைப் பைன் மரங்களை அறுத்துத் தீர்த்துவிட்டார்கள். பிறகு கார்த் தொழில் வந்தது, அதுவும் தேய்ந்தது. 1960-இல் லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை இன்று பாதிக்கும் கீழே. ஆற்றங்கரையில் மூடிய பட்டறைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காப்பிக்கடையும் பூட்டியிருந்தது.

வியாழன், பிலடெல்பியா

பாஸ்டனை விட்டுவிட்டேன். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸோடு விருந்து சாப்பிட்டது முதலானவை அங்கே நடந்தன. பெரிய மனிதர்கள் பேசுவதைக் கேட்க இந்தப் பயணத்தில் எனக்கு ஆர்வமில்லை.

ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829-இல் திறக்கப்பட்டது. ஜான் ஹேவிலண்ட் வரைந்த திட்டம்: நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து ஏழு நீண்ட கூடங்கள் ஆரக்கால்களாக விரிகின்றன. ஏறத்தாழ 7,80,000 டாலர் செலவு. அந்தக் காலத்து அமெரிக்காவில் அதிகப் பணம் விழுங்கிய கட்டடங்களில் ஒன்று. வெள்ளை மாளிகையில் ஓடுநீர்க் கழிப்பறை வருவதற்கு முன்பே இங்கே அறைக்கொன்று இருந்தது. 1971-இல் மூடிவிட்டார்கள். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு, காதில் ஒலிவழிகாட்டியை மாட்டிக்கொண்டு சுற்றலாம்.

ஆபர்னுக்கு நேர் எதிரான முறை இது. இங்கே கைதி இன்னொரு கைதியைத் தண்டனை முடியும்வரை பார்ப்பதே இல்லை. உள்ளே கொண்டுவரும்போது முகத்தை மூடித் துணி. முதல் கூடத்து அறைகளுக்கு நடைப்பக்கம் கதவே வைக்கவில்லை, சாப்பாடு தள்ள ஒரு துவாரம் மட்டும். பின்பக்கம் சின்ன முற்றம், அதையும் சுற்றி உயரமான சுவர். ஓர் அறைக்குள் போய் நின்றேன். வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே எதிர்பாராத உயரம், வளைந்த கூரை, உச்சியில் ஒரு துளை. வெளிச்சம் அதன் வழியே நீளமாக இறங்கிக் கட்டில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விழுகிறது. சுவர்ச் சாந்து செதில் செதிலாக உரிந்து தரையில் கிடக்கிறது. துளையை நிமிர்ந்து பார்க்கும்போது, கட்டியவர்கள் இதை ஒரு கோயிலாக நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று பட்டது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நல்லெண்ணம். தனியே விட்டால் மனிதன் மனம் திருந்துவான். பைபிள் இருக்கிறது, தறியோ செருப்பு தைக்கும் வேலையோ இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

முதல் எண் கைதி சார்ல்ஸ் வில்லியம்ஸ், 18 வயதுக் கறுப்பின விவசாயி. கடிகாரம் உள்ளிட்ட சில பொருள்களைத் திருடியதற்கு இரண்டாண்டு.

1831 அக்டோபரில் தொக்வில் இங்கே அறை அறையாகப் போய், அதிகாரிகள் கூட இல்லாமல் கைதிகளோடு தனியாகப் பேசினார். இதற்காகவே அவருக்கு என் வணக்கம். பேச ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியிலேயே பலர் அழுதிருக்கிறார்கள். வேலை மட்டும் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது என்னை விடவில்லை: முற்றத்துக்குள் ஒரு சிள்வண்டு வந்தால் எனக்குத் துணை வந்த மாதிரி இருக்கிறது, அறைக்குள் பட்டாம்பூச்சி நுழைந்தால் அதற்கு ஒரு தீங்கும் செய்வதில்லை.

இதைக் கேட்டு எழுதிய மனிதர் என்ன முடிவுக்கு வந்தார்? 1833 அறிக்கையில் இரண்டு முறைகளையும் தட்டில் வைத்து நிறுத்தார், ஆபர்ன் மலிவு என்றார். 1840-களில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது பிலடெல்பியா முறையையே பிரான்சுக்குப் பரிந்துரைத்தார். 1842-இல் இதே சிறையைப் பார்த்த சார்ல்ஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடியது என்று கொதித்தெழுந்து எழுதினார். டிக்கன்ஸ் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து கேட்கவில்லை, ஆனால் சரியாகச் சொன்னார். தொக்வில் நன்றாகக் கேட்டார், தவறாகத் தீர்ப்பளித்தார்.

வெளியே வரும் வழியில் அமெரிக்காவின் சிறைவாசிகள் எண்ணிக்கை எப்படி ஏறியது என்று காட்டும் பெரிய எஃகு வரைபடச் சிற்பம் நிற்கிறது. இன்று கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு, மெம்ஃபிஸ்

விமானத்தில் வந்தேன். அவர்கள் வந்த பாடு வேறு. ஒஹையோ ஆற்றில் படகு பாறையில் மோதியது, பிறகு ஆறு உறைந்தது, பனியில் நடந்து, கென்டக்கியையும் டென்னசியையும் குலுங்கும் வண்டியில் கடந்து, தொக்வில் காய்ச்சலில் விழுந்து, டிசம்பர் 17-இல் மெம்ஃபிஸ் சேர்ந்தால் மிசிசிப்பியிலும் படகு இல்லை.

ஒரு வழியாகத் தெற்கிலிருந்து ஒரு நீராவிப் படகு வந்தது. மேலே பனிக்கட்டி, போகாதே, திரும்பி நியூ ஆர்லியன்ஸ் போ என்று பயணிகள் எவ்வளவோ மன்றாடியும் படகுத் தலைவர் அசையவில்லை. அப்போதுதான் காட்டிலிருந்து சாக்டா என்ற பூர்வகுடி மக்கள் வந்தார்கள். 1830 மேயில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டம், அதே ஆண்டு செப்டம்பரில் போட்ட ஒப்பந்தம், இரண்டும் சேர்ந்து அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே தள்ளின. கூட வந்த அரசாங்க முகவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்க முன்வந்ததும் தலைவர் படகைத் திருப்பச் சம்மதித்தார். ஆக, துரத்தப்பட்டவர்களின் கட்டணம்தான் தொக்விலின் பயணத்தைக் காப்பாற்றியது.

கடுங்குளிர். குழந்தைகள், காயம்பட்டவர்கள், சாகக் கிடக்கிற கிழவர்கள். வண்டியோ கூடாரமோ இல்லை. படகில் ஏறும்போது அழுகை இல்லை, முனகல் இல்லை, எல்லோரும் மௌனமாக இருந்தார்கள் என்கிறார். நாய்களைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். எசமானர்கள் திரும்பி வரப்போவதில்லை என்று புரிந்ததும் நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு உறைநீரில் குதித்துப் படகின் பின்னால் நீந்தின. அவர்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம், ஏன் ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்று தொக்வில் கேட்டார். சுதந்திரமாக இருக்க என்றார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

சிங் சிங்கில் சவுக்கு வைத்து உண்டாக்கிய மௌனத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஆற்றங்கரைப் பூங்காவில் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. எல்லாம் ஒப்பந்தப்படி, முத்திரையோடு, பயணக் கட்டணத்தோடு நடந்தது. ஸ்பானியர்கள் ரத்தம் சிந்தியும் செய்ய முடியாததை அமெரிக்கர்கள் சட்டப்படி, அமைதியாக, மனிதநேயத்தின் பெயராலேயே செய்து முடித்தார்கள் என்று அவர் எழுதிய வரிகள்தான் அந்த நூலில் கூர்மையானவை. மூன்று இனங்களைப் பற்றிய அத்தியாயம் முதல் பாகத்தின் கடைசியில் வருகிறது. பாதிப் பேர் அதுவரை படிப்பதில்லை.

அதை எழுதியவரே 1841-இல் அல்ஜீரியாவை பிரான்ஸ் வெல்ல வேண்டும், அதற்காக அங்கத்தவரின் விளைச்சலை எரிப்பதும் தவிர்க்க முடியாதது என்று எழுதினார். பிரிட்டிஷார் இந்தியாவை ஆள்வதைப் பற்றி ஒரு நூல் எழுதக் குறிப்பும் எடுத்தார், முடிக்கவில்லை. 1857-இல் ஆங்கிலேயர் வெல்ல வேண்டும் என்றே விரும்பினார். ரசிகர்கள் இதைப் பேச விரும்புவதில்லை. எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. சிள்வண்டுக் கைதியின் வார்த்தையை எழுதிக்கொண்டு வந்து தனிமைச் சிறைக்கு வாக்களித்தவர்தானே.

சாக்டாக்களை வழியில் இறக்கிவிட்டுப் படகு கீழே போனது. அவர்கள் 1832 புத்தாண்டு நாளில் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தார்கள். நான் நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அங்கே அவர்கள் தங்கியது இரண்டு மூன்று நாள்தான். அந்த ஊர்ச் சிறையைப் பற்றி, மனிதர்களைப் பன்றிகளோடு அடைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள்.